மணல் மூடிய காவிரி... வறண்டுபோகவிருந்த டெல்டா: 1836-ல் முக்கொம்பில் ஆர்தர் காட்டன் செய்தது என்ன?

திருச்சி மலைக்கோட்டை உச்சிப்பிள்ளையார் கோயில் படியேறி வடக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தால், முதலில் காவிரி தெரியும். அதைத் தாண்டி தென்னை மரங்களுக்கு நடுவே ஸ்ரீரங்கம் ராஜகோபுரம். அதற்கும் அப்பால் அகலமாக, வருஷத்தில் பாதி நாள் வெறும் மணலாகக் கிடக்கும் கொள்ளிடம்.

இந்தக் காட்சியைப் பார்த்து போட்டோ எடுக்காத ஆள் கிடையாது. ஆனால் இந்த இரண்டு ஆறுகளும் ஒன்றுக்கொன்று போட்டியாளர்கள் என்பது பலருக்குத் தெரியாது. சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு அந்தப் போட்டியில் காவிரி தோற்றுக்கொண்டிருந்தது. காவிரி தோற்றிருந்தால் இன்றைக்கு நாம் டெல்டா என்று சொல்லும் தஞ்சாவூர், திருவாரூர், நாகை வயல்களுக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்திருக்காது.

அதைத் தடுத்தவர் ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேய ராணுவப் பொறியாளர். ஆந்திராவில் கோதாவரிக் கரையில் இவருக்கு ஊருக்கு ஊர் சிலை உண்டு. ஆனால் இவர் பாடம் படித்த பள்ளிக்கூடம் நம்ம திருச்சிதான்.

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் என்ன சண்டை?

திருச்சிக்கு மேற்கே சுமார் 18 கிலோமீட்டரில் முக்கொம்பு. அங்கே காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை காவிரி என்ற பெயரிலேயே போகிறது. வடக்குக் கிளைக்குப் பெயர் கொள்ளிடம். இரண்டும் சுமார் 30 கிலோமீட்டர் தூரம் தனித்தனியாக ஓடி, கல்லணைப் பக்கம் மறுபடி ஒன்றையொன்று நெருங்கி வருகின்றன. நடுவில் அகப்பட்ட நிலம்தான் ஸ்ரீரங்கம் தீவு.

இதில் கொள்ளிடம் பள்ளத்தில் ஓடுகிறது, காவிரி மேட்டில் ஓடுகிறது. கடலுக்குப் போக கொள்ளிடத்துக்குக் கிட்டத்தட்ட நேர்வழி. காவிரியோ டெல்டாவுக்குள் நுழைந்து வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று கிளை கிளையாகப் பிரிந்து மெதுவாகப் போகிறது.

தண்ணீருக்கு வேகம் இருக்கும் வரைதான் அது மணலைச் சுமக்கும். வேகம் குறைந்தால் சுமையை அங்கேயே இறக்கிவிடும். காவிரிக் கிளையில் வேகம் குறைவு, அதனால் மணல் படிந்தது. மணல் படிந்ததால் ஆற்றுப்படுகை உயர்ந்தது. படுகை உயர்ந்ததால் அடுத்த வெள்ளத்தில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் கொள்ளிடம் பக்கம் திரும்பியது. தண்ணீர் குறைந்ததால் வேகம் இன்னும் குறைந்தது. மறுபடி மணல். வட்டிக்கு வட்டி ஏறுவது மாதிரி ஒவ்வொரு வருஷமும் நிலைமை மோசமானது.

அந்தப் பக்கம் கொள்ளிடத்தில் நேர் எதிர்க் கதை. அதிகத் தண்ணீர், அதிக வேகம், படுகை இன்னும் ஆழமாக அரிக்கப்பட்டது. இப்படியே விட்டால் ஒருநாள் முழு ஆறும் கொள்ளிடம் வழியாகவே கடலுக்குப் போய்விடும். உலகத்தின் பெரிய ஆறுகள் பலவும் இப்படிப் பாதை மாறியவைதான். சீனாவின் மஞ்சள் ஆறு 1850-களில் தன் கழிமுகத்தையே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி மாற்றிக்கொண்டது. பிகாரின் கோசி ஆறு பாதை மாறுவதற்கே பெயர் போனது.

பாறை மேலே வந்தது எப்படி, மணல் கீழே வந்தது எப்படி?

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் புவியின் அகச்செயல்முறைகள், புறச்செயல்முறைகள் என்று இரண்டு பாடம் வரும். மார்க்குக்காகப் படித்துவிட்டு மறந்திருப்போம். அந்த இரண்டு பாடமும் திருச்சியில் கண்ணெதிரே கிடக்கிறது.

அகச்செயல்முறை என்றால் பூமிக்கு உள்ளே இருக்கும் வெப்பமும் அழுத்தமும் செய்யும் வேலை. நிலத்தை உடைப்பது, உயர்த்துவது, மடிப்பது, எரிமலை, நிலநடுக்கம் எல்லாம் இதில் சேரும். மலைக்கோட்டைப் பாறை பூமிக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் அழுத்தத்திலும் சூட்டிலும் உருவான மிகப் பழைய பாறை இனம். அது திடீரென்று தரையைப் பிளந்துகொண்டு வந்து நிற்கவில்லை. மேலே மூடியிருந்த பாறைகளும் சுற்றியிருந்த பாறைகளும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைந்து, உதிர்ந்து, அடித்துச் செல்லப்பட்டன. கெட்டியான பகுதி மட்டும் 83 மீட்டர் உயரத்துக்கு மிஞ்சி நிற்கிறது. உள்ளே செய்ததை வெளியே எடுத்துக் காட்டியது வெயிலும் மழையும் காற்றும்தான். அதுதான் புறச்செயல்முறை.

கிழக்கே டெல்டாவின் கதை இன்னும் பெரியது. ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒட்டியிருந்த கோண்டுவானா பெருநிலம் உடையத் தொடங்கியது. அந்த உடைவில் நம்ம கிழக்குக் கரையோரம் நிலம் பிளந்து தாழ்ந்தது. தாழ்ந்த பள்ளத்துக்குள் கடல் புகுந்தது. திருச்சிக்கு வடகிழக்கே அரியலூர், பெரம்பலூர் வரைக்கும் அன்று கடல்! அரியலூரில் சிமென்ட் ஆலைகள் வெட்டி எடுக்கும் சுண்ணாம்புக்கல் அந்தக் கடல் விட்டுப்போன சொத்து. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறதே ஒரு மரம், அதுவும் அந்தக் காலத்தில் அடித்துவரப்பட்டு மண்ணில் புதைந்ததுதான்.

அந்தப் பள்ளத்தை நிரப்பும் வேலையில் காவிரியும் சேர்ந்துகொண்டது. குடகில் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் பிறந்து, மைசூர்ப் பீடபூமியைத் தாண்டி, ஒகேனக்கல்லில் விழுந்து, வழியில் அரித்த பாறையை எல்லாம் மணலாகவும் வண்டலாகவும் கொண்டுவந்து கொட்டியது. டெல்டாவின் நெல் வயல் நிற்பது கர்நாடக மலைகளின் தூள் மேல் என்று சொன்னால் அது வெறும் வர்ணனை இல்லை.

டெல்டாவைக் கட்டியது மணலும் வண்டலும்தான். அதே மணல்தான் 1800-களில் டெல்டாவைக் கொல்லவும் பார்த்தது.

யார் இந்த ஆர்தர் காட்டன்?

1803 மே 15-ல் இங்கிலாந்தில் பிறந்தார். 11 ஆண் பிள்ளைகளில் 10-வது. பெரிய குடும்பம்தான், ஆனால் 10-வது பிள்ளைக்குச் சொத்தில் என்ன பெரிதாக வந்துவிடும்? 15 வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அடிஸ்கோம்ப் ராணுவப் பள்ளியில் சேர்ந்தார். அடுத்த வருஷமே பொறியாளர் படைப்பிரிவில் வேலை. 1821-ல் சென்னை வந்து இறங்கியபோது வயது 18.

முதலில் போட்டது தெற்கு மாவட்டங்களின் ஏரி, குளப் பராமரிப்பில். கோவை, மதுரை, திருச்சி, தஞ்சை, நெல்லை என்று குதிரையிலும் நடையிலும் சுற்ற வேண்டிய வேலை. பாம்பன் கால்வாயை ஆழப்படுத்த முடியுமா என்று அளந்து பார்க்கும் பணியும் வந்தது. நடுவில் முதல் பர்மா போருக்கும் போய்வந்தார். திரும்பி வந்த பிறகு, 1820-களின் கடைசியில், காவிரிப் பாசனம் அவர் கைக்கு வந்தது.

அந்த நேரத்தில் கம்பெனிக்கு ஏன் திடீரென்று காவிரி மேல் இத்தனை அக்கறை? காரணம் நிலவரி. தஞ்சை ஜில்லா கம்பெனிக்குப் பொன் முட்டையிடும் வாத்து. தண்ணீர் குறைந்தால் விளைச்சல் குறையும், விளைச்சல் குறைந்தால் வரி குறையும். விவசாயி மேல் இருந்த கருணையை விட கஜானா மேல் இருந்த கவலைதான் அதிகம். இதை மறைத்துவிட்டு காட்டன் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

அவருக்கு முன்னாலும் ஆட்கள் முயற்சி செய்திருந்தார்கள். 1804-ல் கேப்டன் கால்டுவெல் என்பவர் கல்லணையை ஆராய்ந்து அதன் மேல் சுமார் 69 செ.மீ. உயரத்துக்குக் கல் வைத்துக் கட்டினார். கரைகளையும் பலப்படுத்தினார்கள். கொஞ்ச காலம் தாங்கியது. ஆனால் அணையை உயர்த்தினால் அணைக்குப் பின்னால் தண்ணீரின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே... அதேதான். காவிரியில் மணல் இன்னும் ஏறியது.

கல்லணை சொல்லிக்கொடுத்த பாடம்

கல்லணை திருச்சிக்குக் கிழக்கே, தோகூர் பக்கத்தில் இருக்கிறது. காவிரியும் கொள்ளிடமும் மறுபடி நெருங்கும் அதே இடம். மேட்டில் ஓடும் காவிரி, பள்ளத்தில் இருக்கும் கொள்ளிடத்துக்குள் வழிந்து போய்விடாமல் தடுக்கத்தான் அந்த அணை. சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பு கரிகால் சோழன் கட்டியது என்பது மரபு.

காட்டனை அசத்தியது அணையின் வயது இல்லை, அதன் கால். ஐரோப்பியப் பொறியாளர்களுக்கு அணை என்றால் அடியில் கெட்டிப் பாறை வேண்டும். காவிரியில் எத்தனை ஆழம் தோண்டினாலும் மணல்தான். அந்த மணல் மேலேயே கல்லணை எப்படி நிற்கிறது? பெரிய பெரிய கற்களை ஆற்றில் போடுகிறார்கள். தண்ணீர் அடியில் அரிக்க அரிக்கக் கல் மணலுக்குள் இறங்குகிறது. அதன் மேல் இன்னொரு கல். அதுவும் இறங்குகிறது. ஒரு கட்டத்தில் இறங்குவது நின்றுவிடும். அதுதான் அஸ்திவாரம்! மேலே களிமண் பூச்சோடு கற்கள். ஆறு அரிக்கும் சக்தியை எதிர்த்து நிற்காமல், அந்த அரிப்பையே வேலைக்காரனாக வைத்துக்கொண்ட உத்தி இது.

காட்டன் இதைத் திருடி மறைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தளர்ந்த மணலில் அடித்தளம் போடும் வித்தையை இந்த மண்ணின் பழைய பொறியாளர்களிடம்தான் கற்றேன் என்று வெளிப்படையாகவே ஒப்புக்கொண்டவர் அவர். கல்லணைக்கு ஆங்கிலத்தில் கிராண்ட் அணைக்கட் என்ற பெயர் நிலைத்ததும் அவர் வழியாகத்தான்.

கல்லணையில் அவர் செய்த முதல் வேலை, அணையின் சில பகுதிகளைத் திறந்து மணற்போக்கிகள் வைத்தது. அணையின் அடியில் சின்னச் சின்ன வழிகள். வெள்ள நேரத்தில் திறந்துவிட்டால் படிந்த மணலைத் தண்ணீரே அடித்துக்கொண்டு போய்விடும். 2,000 வருஷ அணையில் கை வைப்பது சாதாரணத் துணிச்சல் இல்லை. அது சரிந்திருந்தால் டெல்டா மொத்தமும் அவர் தலையில் விழுந்திருக்கும்.

ஆனால் மணற்போக்கி மட்டும் போதவில்லை. கல்லணை தீவின் வால் பக்கம் இருக்கிறது. பிரச்சினை தொடங்குவதோ தலைப் பக்கம், முக்கொம்பில். தண்ணீர் அங்கேயே கொள்ளிடத்துக்குப் போய்விட்டால், கல்லணையில் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கும்?

முக்கொம்பு: 5 அடிச் சுவர் செய்த மாயம்

இடையில் காட்டனுக்கு உடம்பு கெட்டது. காய்ச்சல், களைப்பு. விடுப்பில் ஊருக்குப் போய் 1832-ல் திரும்பி வந்தார். வந்ததும் அவர் முன்வைத்த யோசனை, முக்கொம்பில் கொள்ளிடத்தின் வாயில் குறுக்கே ஒரு தடுப்பு. அதுதான் மேலணை.

1836-ல் வேலை தொடங்கியது. கொள்ளிடத்தின் குறுக்கே சுமார் 700 மீட்டர் நீளம். உயரமோ இடத்துக்கு இடம் 5 முதல் 7 அடி வரைதான். அணை என்றதும் மேட்டூர் மாதிரி கற்பனை செய்ய வேண்டாம். ஒரு ஆள் உயரச் சுவர், அவ்வளவே. இதன் வேலை தண்ணீரைத் தேக்குவது கிடையாது. ஆற்றில் தண்ணீர் குறைவாக வரும்போது அது முதலில் காவிரிக் கிளைக்குள் போகட்டும். வெள்ளம் வந்தால் சுவரைத் தாண்டி கொள்ளிடத்தில் வழியட்டும். பாசனத்துக்குக் காவிரி, வடிகாலுக்குக் கொள்ளிடம் என்று ஆற்றுக்கே வேலையைப் பிரித்துக் கொடுத்தார். சுவரில் மணல் போகவும் மதகுகள் வைத்தார்.

ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களுக்குள் முடித்தாக வேண்டும். பாதியில் வெள்ளம் வந்தால் போட்ட கல் எல்லாம் போச்சு. அந்த மணலில் கல் சுமந்து, சுண்ணாம்பு அரைத்துக் கொடுத்தவர்கள் சுற்றுவட்டார கிராமத்து ஆட்கள். அணைக்குப் பக்கத்தில் காட்டன் பெயர் நிற்கிறது. இவர்கள் பெயர் எங்கேயும் நிற்கவில்லை.

பலன் உடனே தெரிந்தது. காவிரியில் தண்ணீர் ஏறியது, வேகம் ஏறியது, பல வருஷமாகப் படிந்த மணலை ஆறே அரித்துக்கொண்டு போனது. கம்பெனி ஆட்களை வைத்துத் தூர்வாரியிருந்தால் எத்தனை வருஷம் ஆகியிருக்குமோ!

இங்கதான் ட்விஸ்ட். மருந்து கொஞ்சம் ஓவர்டோஸ் ஆகிவிட்டது. காவிரி வேகமாகப் படுகையை அரிக்க ஆரம்பித்தது, கரைகளுக்கு ஆபத்து வந்தது. அதனால் மேலணையின் ஒரு பகுதி உயரத்தைக் குறைத்து, காவிரியின் தலைப்பிலும் படுகை அரிக்காமல் இருக்க குறுக்குச் சுவர் போட வேண்டியதாயிற்று. ஆற்றை ஒரு பக்கம் தொட்டால் இன்னொரு பக்கம் ஏதாவது செய்யும். காட்டன் காலத்துப் பொறியாளர்கள் இதைத் தவறு செய்துதான் கற்றார்கள்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. கொள்ளிடத்தில் தண்ணீரைக் குறைத்தால், கொள்ளிடத்தை நம்பியிருந்த சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கத்து விவசாயிகள் என்ன செய்வார்கள்? அதற்காகத்தான் அதே 1836-ல் கொள்ளிடத்தின் கீழ்ப்பகுதியில் இன்னொரு அணை எழுந்தது. அது கீழணை. அணைக்கரை என்றால் எல்லோருக்கும் தெரியும். வீராணம் ஏரிக்கு இன்றும் வடவாறு வழியாகத் தண்ணீர் போவது அங்கிருந்துதான். சென்னையில் வீராணம் தண்ணீர் குடிப்பவர்களுக்கும் காட்டன் கதையில் பங்கு உண்டு.

கோதாவரிக்குப் போன திருச்சிப் பாடம்

மறுபடி உடல்நலம் மோசமாகி ஆஸ்திரேலியப் பக்கம் போனார். டாஸ்மேனியாவில் 1841-ல் எலிசபெத் லியர்மவுந்த் என்பவரைத் திருமணம் செய்தார். இந்தியா திரும்பியதும் அனுப்பப்பட்டது கோதாவரிக்கு. 1830-களின் தொடக்கத்தில் பஞ்சம் அங்கே ஊர் ஊராக ஆட்களை அள்ளிக்கொண்டு போயிருந்தது. ஆற்றில் தண்ணீர் கடலுக்குப் போகிறது, கரையில் சனம் பட்டினியில் சாகிறது.

தவளேஸ்வரத்தில் கோதாவரியின் அகலம் சுமார் 6 கிலோமீட்டர். அடியில் அதே மணல். 1847-ல் தொடங்கி 1852-ல் அணையை முடித்தார். கல்லணையில் பார்த்த அதே மணல் அடித்தள உத்தியின் பெரிய வடிவம் அது. பஞ்சப் பிரதேசம் நெற்களஞ்சியமாக மாறியது. அதனால்தான் அங்கே மே 15 வந்தால் இன்றும் அவர் சிலைக்கு மாலை விழுகிறது.

1861-ல் சர் பட்டம் கிடைத்தது. அதற்குப் பிறகு லண்டனில் அவர் நடத்தியது வேறு ஒரு சண்டை. இந்தியாவுக்கு ரயிலை விட கால்வாய்தான் தேவை, ஆறுகளை இணைத்துப் படகுப் போக்குவரத்தும் பாசனமும் சேர்த்து நடத்தலாம் என்று பிடிவாதமாக வாதிட்டார். 1870-களில் நாடாளுமன்றக் குழு முன்னாலும் நின்று சொன்னார். அதிகாரிகள் பலர் அவரைக் கால்வாய்ப் பித்தன் மாதிரிதான் பார்த்தார்கள். ரயில்தான் ஜெயித்தது. இத்தனைக்கும் சென்னை செங்குன்றம் பக்கம் 1830-களில் கல் ஏற்றிச்செல்ல ஓடிய, நாட்டின் முதல் ரயில்பாதைகளில் ஒன்றை அமைத்தவரும் இதே காட்டன்தான்!

கடைசிக் காலத்தில் இங்கிலாந்தின் டார்க்கிங் ஊரில், நிலத்தை ஆழமாகக் கிளறினால் கோதுமை எவ்வளவு கூடுதலாக விளையும் என்று சோதனை செய்துகொண்டிருந்தார். 1899 ஜூலை 24-ல் தன் 96-வது வயதில் இறந்தார்.

2018-ல் முக்கொம்பில் நடந்தது

மேலணை பின்னாளில் மாற்றிக் கட்டப்பட்டு ஷட்டர்கள் வைக்கப்பட்டன. 2018 ஆகஸ்ட் 22 இரவு, பெருவெள்ளம் வடியத் தொடங்கிய நேரத்தில், கொள்ளிடம் பக்கம் இருந்த 45 ஷட்டர்களில் 9 அடித்துச் செல்லப்பட்டன. சில நாள் முன்னால் திருச்சியில் கொள்ளிடத்தின் மேல் இருந்த 1928-ம் ஆண்டுப் பழைய பாலத்தின் தூண்களும் சரிந்திருந்தன. நல்லவேளை, அதில் போக்குவரத்து ஏற்கெனவே நிறுத்தப்பட்டிருந்தது.

உடைந்த மதகுகள் வழியாகத் தண்ணீர் கொள்ளிடத்துக்குள் பாய்ந்தபோது டெல்டா விவசாயிகளுக்கு வந்த பயம், 1830-களில் இருந்த அதே பயம். பாறாங்கற்களும் மணல் மூட்டைகளும் போட்டு அடைத்தார்கள். பிறகு சுமார் 387 கோடி ரூபாயில் புதிய கதவணை அதன் அருகிலேயே கட்டப்பட்டது.

ஆனால் இப்போது சிக்கல் தலைகீழ். காட்டன் பார்த்தது மணல் அதிகமான காவிரி. 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு மேலிருந்து வரும் மணலில் பெரும்பகுதி அணைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. கீழே இருந்த மணலையோ லாரி லாரியாக அள்ளிவிட்டோம். வரவு குறைந்து செலவு கூடினால் படுகை தாழும். படுகை தாழ்ந்தால் பாலத் தூணின் கால் வெளியே தெரியும், பக்கவாட்டு வாய்க்கால்களுக்குள் தண்ணீர் ஏறாது, கடலோரத்தில் உப்புநீர் உள்ளே வரும். பூமிக்கு உள்ளே இருக்கும் சக்திகள் இந்த நிலத்தை உருவாக்கக் கோடி ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. மழையும் ஆறும் டெல்டாவைக் கட்ட ஆயிரக்கணக்கான ஆண்டுகள் எடுத்துக்கொண்டன. படுகை தாழ்வதை நம்ம தாத்தா காலத்துக்கும் நம்ம காலத்துக்கும் நடுவிலேயே பார்த்துவிட்டோம்.

திருச்சியிலிருந்து சென்னைக்குக் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டிப் போகும்போது, கீழே ஆற்றில் தூண்களுக்கு நடுவே கற்களும் கான்கிரீட்டும் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கலாம். மணல் அரித்துத் தூண் சாயாமல் இருக்கத்தான் அது.